பயணத் துணை: காற்றுக்கு ஒரு நாள்

செம்பூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நான்கு பக்க மடல் விடுத்துள்ளார். குடும்பத்தோடு கிரேக்க நாட்டுத் தீவுகளைக் கண்டுவர எண்ணியிருக்கிறாராம். பத்து நாட்களுக்கு ஒரு திட்டமும் வகுத்து, அதனைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டிருக்கிறார். ஏதென்ஸில் இறங்கி மிக்கொனொஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி, கிரீட் ஆகிய ஐந்து தீவுகளையும் தொட்டு, “முடியுமானால் கோர்ஃபுவையும்” பார்த்துத் திரும்புவது அவர் கருத்து. கடைசித் தீவிலிருந்து காலையில் கப்பலேறி, அன்றிரவே ஏதென்ஸில் விமானம் ஏறுவதாகவும் குறித்திருக்கிறார். புறப்படுவது மே மாத இறுதியிலா, ஆகஸ்டு நடுவிலா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மடலின் இறுதியில், மறந்துபோனதொன்றை நினைவுகூர்ந்தவர்போல, மற்றொரு செய்தியும் எழுதியிருக்கிறார். உடன் வருபவர்களுள் அவருடைய தாயாரும் ஒருவர். அகவை 72, முழங்கால் வலி உண்டு. தூத்துக்குடியில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கொழும்புக்குத் தோணியில் சரக்கனுப்பிய வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதியவர். தோணிகள் பாய் விரித்துப் போவதைச் சிறு வயதில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அந்த அம்மையார் இன்றுவரை கப்பலில் கால் வைத்ததில்லை. “அம்மாவுக்குத் தீவெல்லாம் வேண்டாமாம்; ஒரு முறை கப்பலில் போனால் போதுமாம்” என்று எழுதி, அந்த வரியோடு மடலை முடித்திருக்கிறார்.

அன்பர் பொறுத்தருள வேண்டும். நான்கு பக்கங்களில் நாம் மும்முறை படித்தது அந்த ஒரு வரியைத்தான். அவருடைய திட்டத்தில் ஆறு தீவுகள் இருக்கின்றன. தாயார் கேட்ட கப்பல்தான் இல்லை. எவ்வாறு என்பதைக் கூறுவோம்.

முதலில் கோர்ஃபுவை அகற்றிவிடுவோம். கிரேக்கத் தீவுகளில் மக்கள் வாழ்பவையே இருநூற்றுக்கு மேற்பட்டவை. படத்தில் ஒரே கடலில் பொரியை இறைத்தாற்போலத் தோன்றினும், அவை தனித்தனிக் கூட்டங்கள். கோர்ஃபு மேற்குப் பக்கத்து அயோனியன் கடலைச் சேர்ந்தது. மற்ற ஐந்தும் கிழக்கே ஈஜியன் கடலில் உள்ளவை. இடையே கிரேக்கப் பெருநிலம் முழுவதும் குறுக்கே கிடக்கிறது. கோர்ஃபுவுக்குக் கப்பல் புறப்படுவது இகுமெனிட்சா போன்ற மேற்கரைத் துறைகளிலிருந்து. ஏதென்ஸின் துறையாகிய பிரேயஸிலிருந்து அன்று. மாதுங்காவிலிருந்து தாதருக்குப் போகும் வழியில் புனேயை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன் என்பதைப் போன்றது இது.

எஞ்சிய ஐந்தில் கிரீட் ஒரு தனி உலகம். அதற்கே பத்து நாட்கள் போதா. மிக்கொனொஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி நான்கும் சைக்ளடீஸ் என்னும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கூட்டம் ஒன்றானால் கப்பலும் ஒன்று என்று கொள்ளலாகாது. பெரிய கப்பல்கள், நம் ஊர் ரயில்களைப் போல, குறிப்பிட்ட தடங்களில் ஓடுகின்றன. பிரேயஸிலிருந்து பாரோஸ், நாக்ஸோஸ், சாந்தோரினி என்று தெற்கே செல்வது ஒரு தடம். சீரோஸ், தீனோஸ், மிக்கொனொஸ் என்று செல்வது மற்றொரு தடம். ஒரு தடத்திலிருந்து மறு தடத்திற்கு மாறப் பெரும்பாலும் கோடையில் மட்டும் ஓடும் விரைவுப் படகுகளையே நம்ப வேண்டியிருக்கும். திட்டம் வகுப்போர் முதலில் தீவுகளின் பெயரைப் பார்க்கின்றனர்; பிறகே கப்பலைத் தேடுகின்றனர். நாம் சொல்வது இதற்கு நேர்மாறானது. ஒரு தடத்தைத் தேர்ந்துகொண்டு, அதில் அமைந்த தீவுகளுள் இரண்டையோ மூன்றையோ கொள்ள வேண்டும்.

இனி விரைவுப் படகைப் பற்றி. அன்பர் குறித்துள்ள பயணங்கள் அனைத்தும் இவற்றிலேயே அமைந்துள்ளன. இவற்றுட் பலவற்றிற்குக் ‘கேட்டமரான்’ என்று பெயர். நம் கட்டுமரம் என்னும் சொல் கடல் கடந்து சென்று பெற்ற வடிவம் அது. ஆனால் நம் கட்டுமரத்தில் கடல்தான் எல்லாம்; இதிலோ கடல் இல்லை! கண்ணாடிச் சாளரங்கள் அடைத்த கூடத்தில், எண்ணிட்ட இருக்கையில், விமானத்தில் அமர்வதுபோல அமர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பயணிகள் நிற்கத் திறந்த தளம் கிடையாது. சாளரமும் உப்பு நீர் படிந்து மங்கியிருக்கும். பிரேயஸிலிருந்து சாந்தோரினிக்குப் பெரிய கப்பலில் ஏறக்குறைய 8 மணி நேரம். விரைவுப் படகில் 5 மணி நேரம். கட்டணமோ ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை. அலை எழும்பினால் உடல்நிலை கெடுவதும் இதிற்றான் மிகுதி. அந்த அம்மையாரை இதில் ஏற்றி இறக்கிவிட்டு, “கப்பலில் போய்விட்டீர்கள், அம்மா” என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பெரிய கப்பலின் இயல்பு வேறு. பின்புறப் பலகை சங்கிலிகளோடு இறங்கும்; லாரிகளும் கார்களும் மனிதர்களும் ஒன்றாக உள்ளே நுழைவார்கள். பெட்டிகளை இறங்கும் தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்துவிட்டு மேலே செல்ல வேண்டும். மேலே திறந்த தளம் உண்டு, நிழலும் உண்டு, காற்று எதிர்ப்படாத பக்கமாகப் பார்த்து ஓர் இருக்கையில் அமர்ந்துவிட்டால் தீவுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து பின்னே செல்வதைக் காணலாம். சாதாரணச் சீட்டில் இருக்கை எண் கிடையாது. சில யூரோக்கள் கூடுதலாகக் கொடுத்தால் உள்கூடத்தில் எண்ணிட்ட இருக்கை கிடைக்கும். முதியோருக்கு அதனை வாங்கிவிடுதல் நலம். களைத்தபோது உள்ளே, விரும்பியபோது வெளியே. தளத்திற்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பல கப்பல்களில் நகரும் படியும் மின்தூக்கியும் உள்ளன. ஏறும்போதே பணியாளரிடம் கேட்டால் வழிகாட்டுவர். இறங்குமுன் மட்டும் எச்சரிக்கை தேவை. இடைத் தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். பெயர் அறிவித்தவுடன் கீழே சென்று பெட்டியோடு ஆயத்தமாக நிற்க வேண்டும். கல்யாண் நிலையத்தில் இறங்கிப் பழகிய நம்மவர்க்கு இது பெரிதன்று.

நிற்க. இவை எல்லாவற்றிலும் முக்கியமானது காற்று.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஈஜியன் கடலின்மேல் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். இன்று அதனை ‘மெல்டெமி’ என்பர். பழைய கிரேக்கர் ஆண்டுதோறும் வருவது என்னும் பொருளில் ‘எட்டீசியன்’ காற்று என்றனர். பால்கன் பகுதியில் அழுத்தம் மிகுந்தும் துருக்கிப் பகுதியில் குறைந்தும் இருப்பதால் இது எழுகிறது. துருக்கியில் உள்ள அக்குறைவழுத்தமும், நம் நாட்டின்மேல் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வரும் பெரிய குறைவழுத்தப் பரப்பின் மேற்குக் கோடியே. செம்பூரில் குடை விரிக்கும் நாட்களும் நாக்ஸோஸில் தொப்பி பறக்கும் நாட்களும் ஒரே கோடையின் இரு முகங்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் காற்று கருமேகத்தோடு வந்து தன்னை அறிவிக்கும். மெல்டெமி வீசும் நாளில் வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக இருக்கும். அதனால்தான் புதிதாகச் செல்வோர் நம்புவதில்லை.

நாமும் நம்பவில்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்கள் நால்வர் சென்றிருந்தோம். ஒன்பது நாட்களில் நான்கு தீவுகள். அன்பரின் திட்டத்திற்கு உடன்பிறந்தது. சாந்தோரினியிலிருந்து காலை விரைவுப் படகில் பிரேயஸ், இரவு விமானம், மறுநாள் மாலை மாதுங்காவில் தமையனார் மகளின் நிச்சயதார்த்தம். துறைக்குச் சென்றபோது வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. படகு வரவில்லை. காற்று மிகுந்துவிட்டதால் விரைவுப் படகுகள் செல்லத் துறை அதிகாரிகள் தடை விதித்துவிட்டார்கள் என்றனர். பெரிய கப்பலுக்கு அன்று தடை இல்லை. ஆனால் எங்களைப்போல் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தமையால் அதில் இடமில்லை. விமான நிலையத்திலும் எல்லா இருக்கைகளும் விற்றுப்போயிருந்தன. மறுநாள் மாலை வந்த கப்பலில் இடம் கிடைத்தது. நள்ளிரவுக்குப் பின் பிரேயஸில் இறங்கினோம். படகுக் கட்டணம் முறைப்படி திரும்பி வந்துவிட்டது. விமானச் சீட்டு நான்கையும் புதிதாக வாங்க நேர்ந்தது. தமையனாரின் மகள் தட்டு மாற்றிக்கொண்டதைத் துறைமுகத்து நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியின் சிறு திரையில் பார்த்தோம். வீட்டில் அந்த நாற்காலியைப் பற்றி இன்றும் பேச்சு எழுவதுண்டு. யாரையும் குறை கூறுவதற்கில்லை. திட்டத்தில் காற்றுக்கு ஒரு நாள்கூட ஒதுக்காதது நம் குற்றமே.

துறை அதிகாரிகளின் தடையைப் பிடிவாதம் என்றும் கருதலாகாது. காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரை பகுக்கும் பியூஃபோர்ட் அளவையைக் கொண்டு, கப்பலின் வகையையும் தடத்தையும் பார்த்து அவர்கள் முடிவு செய்கின்றனர். அளவு 8 என்பது மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வரை வீசும் காற்று. பெரிய கப்பல்கள் பொதுவாக அந்த எல்லையை ஒட்டி நிறுத்தப்படும். விரைவுப் படகுகள் அதற்கு முன்னரே நின்றுவிடும். 2000 செப்டம்பர் 26 இரவு, பலத்த காற்றில் ‘எக்ஸ்பிரஸ் சமீனா’ என்னும் பயணிக் கப்பல் பாரோஸ் துறையை நெருங்கும்போது போர்ட்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கியது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை அறிந்தவர் தடை கேட்டுச் சினங்கொள்ள மாட்டார். தூத்துக்குடித் தோணிகளும் காற்றுக் காலத்தில் கரையில்தானே கிடந்தன? செம்பூர் அம்மையாரிடம் கேட்டால் நம்மைவிட நன்றாகச் சொல்வார்.

பயணம் நின்றால் பயணிக்கு உரிமை என்ன என்று பலர் கேட்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கப்பல் நிறுத்தப்பட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது வேறு கப்பலில் செல்லக் கேட்கலாம். ஆனால் பாதுகாப்பைக் குலைக்கும் வானிலை காரணமாக நின்றால், தங்கும் விடுதிச் செலவைத் தரும் கடமை கப்பல் நிறுவனத்திற்கு இல்லை. தனியாக வாங்கிய விமானச் சீட்டைப் பற்றியோ அவர்களுக்குக் கவலையே இல்லை. ஆதலின் அந்த இழப்பை நாமே முன்கூட்டித் தடுத்துக்கொள்ள வேண்டும். கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தமும் எப்போதேனும் ஒரு நாள் குறுக்கிடுவதுண்டு. அதற்கும் இதே மருந்துதான்.

ஆகவே அன்பரின் திட்டத்தை நாம் இவ்வாறு திருத்துகிறோம். ஆகஸ்டு வேண்டவே வேண்டாம். காற்று ஒருபுறம் இருக்க, ஆகஸ்டு 15 அந்நாட்டாருக்கு மேரி அன்னையின் பெருவிழா. தீனோஸ் தீவின் கோயிலுக்கு முழங்காலால் ஊர்ந்து ஏறும் அடியவர்களைக் காணலாம். செப்டம்பர் 8ஆம் நாள் வேளாங்கண்ணியைக் கண்டவர்களுக்கு அந்தக் கூட்டம் புரியும். அவ்வாரத்தில் கப்பலில் இடம் கிடைப்பது அரிது. மே மாதக் கடைசி வாரத்தில் புறப்பட்டு, பள்ளி திறக்குமுன் திரும்பிவிடலாம். அப்போது கடல் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும், நீராடுவோர் சிலிர்த்துக்கொள்வர், அவ்வளவே.

இரண்டே தீவுகள்: சாந்தோரினியும் நாக்ஸோஸும். தொலைவில் உள்ளது முதலில். அருகில் உள்ளது பின்னர். இறங்கிய முதல் இரவு ஏதென்ஸில் அல்லது பிரேயஸிலேயே தங்குதல் வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திராது. விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் வரை மெட்ரோ ரயில் 2022 அக்டோபர் முதல் நேராகச் செல்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம். துறையில் வாயில்கள் எண்ணிடப்பட்டு நெடுந்தொலைவு பரந்துள்ளன. எந்த வாயில் என்பதைச் சீட்டிலும் முதல் நாள் மாலையும் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும்.

இரண்டாம் நாள் காலை பெரிய கப்பலில் சாந்தோரினி. மூன்று இரவுகள். கப்பல் அடையும் அதினியோஸ் துறை செங்குத்தான மலையின் அடியில் உள்ளது. வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பேருந்து உண்டு, எனினும் முதியவர்க்கு வண்டியை முன்பே சொல்லி வைப்பது நன்று. மலை விளிம்பில் உள்ள அழகிய வெண்ணிற விடுதிகளைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டா. அறைக்குச் செல்ல எத்தனை படிகள் என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும். நூறு படிகள் என்று விடை வந்தால் வியப்பில்லை. 2025 பிப்ரவரியில் தொடர்ந்து நிலம் நடுங்கியதால் 11,000 பேருக்கு மேல் இத்தீவை விட்டு வெளியேறினர் என்பது நினைவிருக்கலாம். பின்னர் அது அடங்கி, மக்கள் திரும்பினர். சுமார் 3,600 ஆண்டுகளுக்குமுன் இதே எரிமலை வெடித்துப் புதைத்த ஊர்தான் அக்ரோத்திரி. 1967இல் ஸ்பிரிடோன் மாரினாட்டோஸ் அதனை அகழத் தொடங்கினார். அங்கு ஒரு வீட்டுச் சுவரில் கப்பல்கள் அணிவகுத்துச் செல்லும் ஓவியம் கிடைத்தது. ஊரை நேரில் காட்டி, ஓவியத்தின் படத்தையும் தாயாருக்குக் காட்டுக.

ஐந்தாம் நாள் நாக்ஸோஸ். இரண்டு மணி நேரப் பயணம். இங்கும் மூன்று இரவுகள். துறையிலிருந்து ஊர் நடக்கும் தொலைவே, கடலோரம் சமதளம். முழங்கால் வலி உள்ளவர்க்கு இதனினும் ஏற்ற தீவு அக்கூட்டத்தில் அரிது. துறையருகே கட்டி முடிக்கப்பெறாத அப்பொல்லோன் கோயிலின் பெருவாயில் 2,500 ஆண்டுகளாகத் தனித்து நிற்கிறது. மாலையில் அனைவரும் அங்குச் சென்று சூரியன் மறைவதைப் பார்க்கின்றனர். எட்டாம் நாள் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மிகுதியாகப் பயணம் செய்து பிரேயஸ். ஒன்பதாம் நாள் ஏதென்ஸில் அக்ரோபொலிஸ். பத்தாம் நாள் விமானம். அந்த ஒன்பதாம் நாள்தான் காற்றுக்கு நாம் ஒதுக்கிய பங்கு. காற்று கேட்டால் கொடுத்துவிடலாம்; கேட்காவிடில் அக்ரோபொலிஸ் நமக்கு.

உணவைப் பற்றி இல்லத்தரசியார் தனியே கேட்டிருப்பதால் சிலவற்றைக் கூறுவோம். கிரேக்கர் விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை விலக்குவர். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் அவ்வுணவைக் காட்டுவார்கள். ஆனால் அவர்கள் விரதத்தில் கணவாயும் இறாலும் செல்லும்! ஆதலின் கடல் உணவும் வேண்டா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சாந்தோரினியின் ‘ஃபாவா’ மஞ்சள் பருப்பைக் குழைத்து, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் இட்டது. நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தக்காளியின் உள்ளே அரிசி அடைத்து வேகவைப்பது ‘யெமிஸ்தா’. சில கடைகளில் கொத்திறைச்சியும் சேர்ப்பர், கேட்டறிக. நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு அந்நாடெங்கும் பெயர் பெற்றது. குழந்தைகள் பட்டினி கிடவார். கட்டுச்சாதப் பொடிகளைத் தாராளமாகக் கொண்டு செல்லலாம். பால்கோவா, நெய் முதலியவற்றையும் பச்சைக் கறிவேப்பிலையையும் கொண்டுபோக வேண்டா; வெளிநாட்டுப் பால் பொருள்களும் சான்றிதழ் இல்லாத இலை தழைகளும் ஐரோப்பிய எல்லைக்குள் நுழைய இடமில்லை.

விசாவைப் பற்றி ஒரே சொல். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்னராவது கொடுத்துவிட வேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்க்கு 90 யூரோ. விண்ணப்பத்தில் திரும்பும் நாளுக்குப்பின் இரண்டு மூன்று நாட்கள் கூட்டிக் கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் அந்நாட்கள் வரை எடுங்கள். துறைமுகத்தில் சிக்கிக்கொண்டவருக்கு விசாவும் முடிந்துவிட்டது என்றால் அக்கவலை தாளாது. இதனை நாம் பட்டு அறிந்திலோம், நூலிழையில் தப்பினோம். விசா கைக்கு வரும்வரை விடுதிகளைத் திருப்பிக்கொள்ளக்கூடிய முறையிலேயே பதிவு செய்க. கப்பல் சீட்டை அதன்பின் வாங்கினாலும் ஜூன் தொடக்கத்தில் பெரிய கப்பலில் இடம் இருக்கும்.

மூத்த மகள் மிக்கொனொஸ் போய்விட்டதே என்று வருந்துவாள் என அன்பர் முன்கூட்டியே எழுதியிருக்கிறார். அவளுக்கு ஒன்று சொல்லுங்கள். சாந்தோரினி செல்லும் கப்பல் வழியில் பாரோஸில் நிற்கும். பின்புறப் பலகை இறங்கும், லாரிகள் உறுமும், தூக்கமுடியாத பெட்டிகளோடு மக்கள் ஓடி இறங்குவர், ஓடி ஏறுவர். அந்த நேரத்தில் பாட்டியைக் கைபிடித்து மேல்தளத்தின் பின்கைப்பிடிக்கு அருகே அழைத்துச் சென்று நிறுத்துவது அவள் பொறுப்பு. பாட்டிக்கு ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளட்டும். ஜூன் மாதத்திலும் கடற்காற்று குளிரும்.